எழுதாமல் விடப்பட்ட அறைகள்: பாத்திரமேற்பு விளையாட்டின் சாகசநூல்கள் குறித்து

1979ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் தொடக்கப் பெட்டியை வாங்கியவர்களுக்கு, விதிநூலுடன் மெல்லிய நூல் ஒன்றும் கிடைத்தது. மைக் கார் எழுதிய அந்நூலின் பெயர் 'இன் சர்ச் ஆஃப் தி அன்னோன்'. கைவிடப்பட்ட கோட்டை ஒன்றின் அறைகளை அது ஒவ்வொன்றாக விவரிக்கிறது. சமையலறையில் என்ன கிடக்கிறது, தூண் மண்டபம் எப்படி இருக்கிறது, எந்தச் சுவர் ஈரம் கசிகிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு விவரிப்பின் கீழும் இரண்டு வெற்றுக்கோடுகளை விட்டுவைக்கிறது. இங்கே இருக்கும் மிருகம் எது என்பது ஒரு கோடு. இங்கே இருக்கும் புதையல் எது என்பது மற்றொன்று. நூலின் பிற்பகுதியில் மிருகங்களுக்கும் புதையல்களுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. வாங்கியவர் பென்சிலை எடுத்து, அவற்றிலிருந்து தாமே தேர்ந்து கோடுகளை நிரப்பிக்கொள்ள வேண்டும். முற்றுப்பெறாத நூல் என்று தெரிந்தே ஒரு நிறுவனம் அதை அச்சிட்டு விற்றது.

அது சிக்கனமும் அல்ல, கவனக்குறைவும் அல்ல. இத்தகைய விளையாட்டுக்காக எழுத முனைந்த எல்லாரும் எதிர்கொண்ட ஒரு கேள்விக்கு அந்த வெற்றுக்கோடுகள் ஒரு விடை. எவ்வளவு எழுதுவது, எவ்வளவை எழுதாமல் விடுவது என்பதே கேள்வி. அது இன்றுவரை தீரவில்லை.

விளையாட்டின் அமைப்பை அறியாதோருக்குச் சுருக்கமான விளக்கம் தேவை. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்கின்றனர். ஒருவரைத் தவிர மற்றவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். எஞ்சியிருக்கும் ஒருவர் நடுவர். உலகத்தை விவரிப்பவர் அவர். எதிரிகளாகவும் ஊர்மக்களாகவும் பேசுபவர் அவர். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்குமிடத்தில் பகடை உருட்டப்படுகிறது. நடுவர் முன்கூட்டி ஆயத்தம் செய்துவரும் களம், சூழல், பகை, புதையல் ஆகியவற்றின் தொகுதியே 'சாகசம்' எனப்படுகிறது. அச்சில் வரும்போது அதற்கு 'மாட்யூல்' என்று பெயர். நாவலாசிரியருக்கும் நாடக ஆசிரியருக்கும் இருக்கும் அடிப்படை உரிமை இதை எழுதுபவருக்குக் கிடையாது. தலைமைப் பாத்திரங்கள் என்ன செய்வார்கள் என்று அவரால் எழுத முடியாது. வாயிற்கதவை உடைக்காமல் சாளரம் வழியே நுழைவார்கள். வில்லனைக் கொல்லாமல் அவனோடு கூட்டுச் சேர்வார்கள். சிலவேளை அந்தக் கோட்டைக்கே போகாமல் வேறு ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்கள்.

நடுவர் என்ற இந்தப் பதவி கேளிக்கை உலகில் தோன்றியதன்று. இந்தியச் சதுரங்கம் பாரசீகம், அரபுலகம் வழியாக ஐரோப்பாவை அடைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், 1780இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்பவர் அதை விரித்து ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் கட்டங்களைக் கைவிட்டு, உண்மையான நிலவரைபடத்தின்மேல் ஆடும் 'கிரீக்ஸ்பீல்' விதிகளை அமைத்தார். அதில் இரு தரப்பும் தத்தம் கட்டளைகளை நடுவரிடம் தருவர். யாருக்கு எது தெரியும் என்பதை நடுவரே தீர்மானிப்பார். ஆட்டத்துக்கு முன் எழுதித் தரப்படுவது தொடக்க நிலைமை மட்டுமே. யார் எங்கே இருக்கிறார்கள், எதற்காக இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டு அந்த ஆவணம் நின்றுவிடும். போர் எப்படி முடியும் என்று அதில் எழுதியிருந்தால் பயிற்சிக்கே பொருளில்லை. 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி, தடித்த விதிப்புத்தகத்தைக் காட்டிலும் அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே மேல் என்று வாதிட்டார். பின்னாளைய பொழுதுபோக்கு ஒன்றின் இரு தூண்கள், நிலைமையை மட்டும் எழுதும் ஆவணமும் அதை நடத்தும் நடுவரும், இவ்வாறு படைமுகாமில் நாட்டப்பட்டன.

அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் 1969இல் டேவிட் வெஸ்லி நடத்திய 'பிரான்ஸ்டைன்' ஆட்டம் இந்த மரபைத் திசைதிருப்பியது. நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜெர்மானிய ஊர் ஒன்றில், படைத்தலைவர்கள் மட்டுமின்றி மேயர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் போன்றோருக்கும் ஆளுக்கொரு பாத்திரமும் தனி நோக்கமும் தரப்பட்டன. போர் தொடங்குவதற்குள்ளேயே ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் பேரம் பேசவும் சூழ்ச்சி செய்யவும் தொடங்கிவிட, எல்லாம் குழம்பிவிட்டது. ஆட்டம் தோற்றுவிட்டதாக வெஸ்லி கருதினார். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னெசன் 1971இல் 'பிளாக்மூர்' என்ற தம் கற்பனை நாட்டையும், அதன் கோட்டைக்கடியில் பல அடுக்கு நிலவறையையும் உருவாக்கினார். அதைக் கண்ட கேரி கைகாக்ஸ், ஆர்னெசனோடு சேர்ந்து உருவாக்கிய விதிகள் 1974இல் மூன்று சிறுநூல்களாக, ஒரு பெட்டியில், 10 டாலர் விலையில் வெளிவந்தன. முதல் அச்சு 1,000 பிரதிகள்.

மூன்றாவது சிறுநூலில் சாகசம் அமைக்கும் முறை சொல்லப்படுகிறது. நடுவர் குறைந்தது ஆறு அடுக்குகளுக்கு நிலவறை வரைபடங்களை வரைந்துகொள்ள வேண்டும். முதன்மையான புதையல்களைச் சிந்தித்து வைத்துவிட்டு, மற்ற அறைகளைப் பகடை உருட்டி நிரப்பலாம். கதை என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. களம் இருக்கிறது, அதில் ஆபத்து இருக்கிறது, அவ்வளவுதான். பின்னுரையில் ஆசிரியர்கள் ஒரு படி மேலே செல்கின்றனர்: வாசகருக்கான கற்பனையைத் தாங்கள் செய்து தருவது எதற்கு என்ற கேள்வியோடு விடைபெறுகின்றனர். ஆயத்தமான சாகசங்களை விற்கும் எண்ணம் தொடக்கத்தில் அவர்களுடைய டி.எஸ்.ஆர். நிறுவனத்துக்கு இருக்கவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு வெளிவந்த பிளாக்மூர் துணைநூலில் ஆர்னெசனின் 'டெம்பிள் ஆஃப் தி ஃப்ராக்' இடம்பெற்றது உண்மை. ஆயினும் அது ஒரு துணைநூலின் பகுதியாகவே வந்தது.

சந்தையின் தேவையை முதலில் உணர்ந்தவர்கள் வெளியாட்கள். 1976இல் 'வீ வாரியர்ஸ்' என்ற சிறு நிறுவனம் 'பேலஸ் ஆஃப் தி வாம்பயர் குவீன்' என்பதை வெளியிட்டது. தனித்து விற்கப்பட்ட முதல் சாகசம் இதுவென்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அறைகளின் உள்ளடக்கம் அதில் அட்டவணையாகவே இருந்தது. விவரிப்பு நடுவரின் பொறுப்பு. அதே ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டரில் தொடங்கப்பட்ட 'ஜட்ஜஸ் கில்டு' ஒரு முழு நகரத்தையே கடைகடையாக, தெருத்தெருவாக எழுதிச் சந்தாதாரர்களுக்கு அனுப்பியது. வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வருபவர்களுக்கு ஆறு அடுக்கு வரைய நேரமில்லை என்பதை லேக் ஜெனீவாவிலிருந்த தாய்நிறுவனம் சற்றுத் தாமதமாகவே புரிந்துகொண்டது.

புரிந்துகொண்டபோது அது கையிலிருந்ததை அச்சிட்டது. கையிலிருந்தவை போட்டிச் சாகசங்கள். இவ்வரலாற்றின் திருப்பம் இங்கேதான் உள்ளது. பலர் இதை ஒரு துணைச் செய்தியாகவே கடந்துவிடுகின்றனர். 1975இல் பால்டிமோரில் நடந்த முதல் 'ஆரிஜின்ஸ்' மாநாட்டில் கைகாக்ஸ் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கொடிய கல்லறையைப் போட்டியாக நடத்தினார். 1978இல் அது மாட்யூலாக வெளிவந்தது. அதே ஆண்டு ஆரிஜின்ஸ் போட்டிக்குப் பயன்பட்ட அரக்கர் வரிசையும் அச்சேறியது. 1980இல் வந்த 'ஹிடன் ஷ்ரைன் ஆஃப் டமோவாச்சான்', அடிமை வணிகர் வரிசை ஆகியவையும் போட்டிக்களத்திலிருந்து வந்தவையே. அவற்றில் மதிப்பெண் வழங்கும் முறையும் சேர்த்தே அச்சிடப்பட்டது.

போட்டியின் தேவைகள் வேறு. ஒரே நிலவறையைப் பல குழுக்கள், வெவ்வேறு நடுவர்களின்கீழ் ஆடுகின்றன. முடிவில் அவற்றை ஒப்பிட்டு வென்றவர் யார் என்று சொல்ல வேண்டும். ஆகவே எல்லாக் குழுக்களும் ஒரே அறையை ஒரே சொற்களில் கேட்க வேண்டும். நடுவர் உரக்கப் படிக்க வேண்டிய பத்திகள் கட்டத்துக்குள் தனியே அச்சிடப்படும் வழக்கம் வேரூன்றியதற்கு இது முக்கியக் காரணம். நேரம் குறுகியது என்பதால் பாதை ஒடுக்கமாக இருக்க வேண்டும். டமோவாச்சான் கோயிலில் ஆட்டக்காரர்கள் உள்ளே நுழைவதில்லை; அடியாழத்தில் சிக்கிக்கொண்டு, நச்சுவாயுவுக்குத் தப்பி வெளியேற முயல்கின்றனர். அந்த நச்சுவாயு கற்பனை உலகின் பொருளாகத் தோன்றினாலும் உண்மையில் அது மாநாட்டு மண்டபத்தின் கடிகாரம். சாகசத்துக்குள் ஒரு நோக்கத்தோடு வைக்கப்பட்ட உறுப்பு, வீட்டு மேசைக்கு வந்தபோது 'சாகசம் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும்' என்ற இலக்கணமாக மாறியது. போட்டி நடுவருக்கு விடுதலை தேவையில்லை, ஒருமைதான் தேவை. வீட்டு நடுவரின் நிலை நேரெதிரானது. ஆனால் அச்சில் கண்டதையே அனைவரும் கற்றனர்.

அச்சில் காணாதது எப்படி இருந்தது? ஒரு சான்று எஞ்சியிருக்கிறது. 1977இல் ஜட்ஜஸ் கில்டு வெளியிட்ட ஆர்னெசனின் 'தி ஃபர்ஸ்ட் ஃபேன்டசி கேம்பெயின்', அவர் பல ஆண்டுகள் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தின் குறிப்புகளைத் தொகுத்துத் தருகிறது. முதன்முறை புரட்டுபவருக்கு அது ஏமாற்றமே. படைகளின் கணக்கு, பொருள்களின் விலை, நிலவறை அடுக்குகளில் எந்த எண்ணுள்ள அறையில் எத்தனை மிருகம் என்ற பட்டியல், நடந்துமுடிந்த போர்களைப் பற்றிய துண்டு நினைவுகள் என எல்லாம் முறைவைப்பின்றிக் கிடக்கின்றன. மோசமாகத் தொகுக்கப்பட்ட நூல் என்ற குறை நியாயமானதே. ஆனால் அந்த ஒழுங்கின்மைதான் அதன் சான்று மதிப்பு. உலகை நடத்திய மனிதருக்குத் தேவைப்பட்டவை எண்களும் பெயர்களும் வரைபடமும். மற்றவை தலைக்குள் இருந்தன, மேசையில் பேச்சாக வெளிப்பட்டுக் காற்றில் கரைந்தன.

கைகாக்ஸின் நிலையும் இதுவே. புகழ்பெற்ற 'கிரேஹாக்' கோட்டை நிலவறைக்கு அவர் வைத்திருந்தவை அறைக்கு ஓரிரு வரிக் குறிப்புகள். மீதியை ஆட்டத்தின்போது உருவாக்கிக்கொண்டதாக அவரே பின்னாளில் சொன்னார். இவ்விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற அந்தக் களம் அதன் மூல வடிவில் அச்சேறவே இல்லை. கைகாக்ஸ் நிறுவனத்தைவிட்டு வெளியேறிய பிறகு, 1988இல் டி.எஸ்.ஆர். அதே பெயரில் வெளியிட்டது ஒரு கேலி நூல். அவர் வேறு பெயரில் தொடங்கிய மறு ஆக்கம், 2008இல் அவர் காலமானபோது முற்றுப்பெறாமல் நின்றது. ஓரிரு வரிக் குறிப்பைப் பிறர் பயன்படுத்தும் நூலாக விரிப்பது மூன்று தசாப்தங்களிலும் கைகூடாமல் போனதற்கு வழக்குகளும் உடல்நலமும் காரணம் என்பர். இருக்கலாம். அந்தக் குறிப்புகள் நூலின் சுருக்கமல்ல, வேறொரு வகைப் பொருள் என்பதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். பாடகரின் கையிலிருக்கும் துண்டுச்சீட்டை விரித்தெழுதினால் கச்சேரி வந்துவிடாது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் மைக் காரின் வெற்றுக்கோடுகளின் துணிவு விளங்கும். போட்டி மாட்யூல்கள் அச்சேறிக்கொண்டிருந்த அதே வேளையில், அதே நிறுவனத்துக்குள்ளிருந்து, வீட்டு நடுவரின் வேலையையே பாடமாக்கும் ஒரு நூல் வந்தது. விரைவிலேயே அதன் இடத்தைக் கைகாக்ஸின் 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' பெட்டிக்குள் பிடித்துக்கொண்டது. அதில் அறைகள் நிரப்பப்பட்டிருந்தன. பின்னடைவு என்று இதைச் சொல்லத் தோன்றும். நூலைப் படித்தால் அவ்வாறு சொல்ல இயலாது. எல்லைக்கோட்டையில் வாழும் மனிதர்கள் எவருக்கும் அதில் பெயரில்லை. கோட்டைத் தலைவர், மதுக்கடைக்காரர், கொல்லர் எனத் தொழிலால் மட்டுமே சுட்டப்படுகின்றனர். பெயர் வைப்பது நடுவரின் வேலை. அருகிலுள்ள குகைகளில் ஒன்றோடொன்று பகைமை கொண்ட கூட்டங்கள் வாழ்கின்றன. ஒரு கூட்டத்தோடு சேர்ந்து மற்றொன்றை வீழ்த்தலாம் என்று நூலே குறிப்புக் காட்டுகிறது. அது எப்படி நடக்கும் என்று எழுதுவதில்லை. இன்னொரு குகை பெயரளவில் மட்டும் குறிக்கப்பட்டு நடுவருக்கென்றே விடப்பட்டிருக்கிறது. போட்டிக்கு எழுதியபோது ஒவ்வோர் அடியையும் வரையறுத்த அதே கை, கற்பவருக்கு எழுதியபோது வேறு விதமாக எழுதியது. அதே 1979இல் ஜெனல் ஜேக்வேஸ் ஜட்ஜஸ் கில்டுக்காக எழுதிய 'கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா', பல நுழைவாயில்களும் ஒன்றையொன்று வளைந்து சந்திக்கும் பாதைகளும் கொண்ட களத்தால், ஆட்டக்காரரின் தேர்வை வரைபடத்திலேயே எழுதிவிட்டது. இன்று நிலவறை அமைப்பைப் பயிற்றுவிப்போர் அதனிடம் திரும்பத் திரும்பச் செல்கின்றனர்.

ஆனால் எண்பதுகளின் ஆவல் கதையின்பால் சாய்ந்தது. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் தொடக்கத்திலேயே தங்கள் குறிக்கோளை வகுத்திருந்தனர்: கொள்ளையைவிட மேலான நோக்கம், ஆட்டத்தோடு பின்னிய கதை, கட்டடக்கலைக்குப் பொருந்தும் நிலவறை, எட்டக்கூடிய கௌரவமான முடிவு. அவர்களது 'ரேவன்லாஃப்ட்' 1983இல் வந்தது. அதன் இரத்தக்காட்டேரிப் பிரபு ஒரே அறையில் காத்திருப்பதில்லை. தன் கோட்டைக்குள் நடமாடித் திட்டமிட்டு வேட்டையாடுகிறான். அவன் நோக்கம் என்ன, அவனை வீழ்த்தும் பொருள்கள் எங்கே என்பதைச் சீட்டுக்குறி தீர்மானிக்கிறது. எழுத்தின் கட்டுக்கோப்புக்கும் ஆட்டத்தின் எதிர்பாராமைக்கும் நடுவே இவ்வளவு நுட்பமான உடன்பாடு அதற்கு முன்போ பின்போ அரிது.

மறு ஆண்டே 'டிராகன்லான்ஸ்' வரிசை தொடங்கியது. மாட்யூல்களும் நாவல்களும் ஒன்றாகத் திட்டமிடப்பட்டன. ஆட்டக்காரர்களுக்கு ஆயத்தமான பாத்திரங்கள் தரப்பட்டன. அவர்களே நாவலின் நாயகர்கள். சிக்கல் உடனே தலைகாட்டியது. நாவலின் பிற்பகுதியில் தேவைப்படும் ஒருவர் ஆட்டத்தில் முன்னதாகவே இறந்துவிட்டால்? நூல் தந்த தீர்வு, முக்கியமானவர்களின் சாவு தெளிவற்றதாக இருக்கட்டும் என்பது. உடல் கிடைக்கக் கூடாது, வெள்ளத்திலோ இடிபாட்டிலோ மறைந்துபோக வேண்டும், பின்னர் திரும்பி வரலாம். பகடை கொன்றவரை எழுத்து உயிர்ப்பிக்கிறது. வணிகத்தில் இது பெரும் வெற்றி. ஆட்டக்காரர்களோ இவ்வகை சாகசத்துக்கு 'ரயில் தண்டவாளம்' என்ற வசைப்பெயரைப் புழக்கத்தில் வைத்திருந்தனர். தண்டவாளத்தைக் குறைகூறுவது எளிது. தண்டவாளத்தில் பயணம் செய்து மகிழ்ந்தவர்கள் ஏராளம் என்பதையும் வரலாறு பதிவு செய்ய வேண்டும்.

துப்பறியும் வகையில் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. 1981இல் வந்த 'கால் ஆஃப் தூலு' விளையாட்டில் சாகசம் என்பது தடயங்களின் சங்கிலி. 1984இன் 'மாஸ்க்ஸ் ஆஃப் நையர்லத்தோடெப்' செய்தித்தாள் துணுக்குகளையும் கடிதங்களையும் ஆட்டக்காரரின் கையிலேயே கொடுத்தது. ஒரு தடயம் தவறிப்போனால் சங்கிலி அறுந்துவிடும் என்பது எழுதுபவரின் நிரந்தர அச்சம். முதன்மையான ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்கள் வைக்கவேண்டும் என்று 2008இல் ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதினார். அடுத்த ஆண்டு அவர் முன்வைத்த வாதம் இன்னும் பரவலானது: கதைப்போக்கை ஆயத்தம் செய்யாதீர்கள், நிலைமையை ஆயத்தம் செய்யுங்கள். 2010இல் வின்சென்ட் பேக்கர், மெகுய் பேக்கர் ஆகியோரின் 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்', கதைப்போக்கை முன்திட்டமிடுவதை விதியாகவே விலக்கியது. புதுமையாக வரவேற்கப்பட்ட இக்கருத்துகள், தொடக்க நிலைமையோடு நின்றுவிட்ட பிரஷ்ய ஆவணத்துக்கு எவ்வளவு அருகில் உள்ளன என்பது போதுமான அளவு பேசப்படவில்லை.

பெருநிறுவனத்தின் பெருநூல்கள் இதற்கிடையே வளர்ந்துகொண்டேயிருந்தன. 32 பக்க ரேவன்லாஃப்ட், 2016இல் 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' என்ற பெயரில் 250 பக்கங்களைத் தாண்டிய கெட்டி அட்டை நூலாயிற்று. 2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' தொகுப்பில், கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் வங்கத்தை ஒத்த ஒரு நாட்டைக் களமாக்கி ஒரு சாகசம் எழுதியிருக்கிறார். ஐரோப்பிய இடைக்காலத்தையே இயல்பான பின்புலமாகக் கொண்ட வகைமைக்கு அது புதிது. ஆனால் அந்நிலத்தை அறியாத நடுவர் ஒருவர் அதை நடத்த வேண்டுமெனில் எவ்வளவு விளக்க வேண்டும் என்ற பழைய கேள்வி அங்கே இரட்டிப்பாகிறது. பெயரற்ற கொல்லரை ஐரோப்பியக் கோட்டையில் எந்த வாசகரும் நிரப்பிக்கொள்வார். கோடுகளை வெற்றாக விடும் சலுகை, எல்லாரும் அறிந்த உலகத்துக்கே எளிதில் கிடைத்துவந்தது.

இவ்வரலாற்றை எழுதுபவருக்குச் சான்றுகளே பெரும் தடை. ஆடப்பட்டது பேச்சு, அது பதிவாகவில்லை. எஞ்சியிருப்பது அச்சிட்ட நூல்கள். அவற்றிலிருந்து நடைமுறையை ஊகிப்பது, சமையல் நூல்களைக் கொண்டு ஒரு காலத்தின் அன்றாட உணவை ஊகிப்பது போன்றது. கட்டத்தாளில் வரைந்த வரைபடங்களும் நோட்டுப்புத்தகக் குறிப்புகளும் பெரும்பாலும் வீடு மாறும்போது குப்பைக்குப் போயின. 'இன் சர்ச் ஆஃப் தி அன்னோன்' நூலின் பழைய பிரதிகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. சேகரிப்போர் விரும்பிக் கூடுதல் விலை கொடுப்பது கோடுகள் வெற்றாகவே இருக்கும் பிரதிகளுக்கு. பதின்வயதுக் கையெழுத்தில், அறைக்கு ஒரு மிருகமும் ஒரு புதையலும் பென்சிலால் நிரப்பி, சில இடங்களில் அழித்து மாற்றியும் எழுதப்பட்ட பிரதிகள், 'எழுத்துக்கறை உள்ளது' என்ற குறிப்போடு மலிவாகக் கிடைக்கின்றன.